ஏழு கடைகள், நான்கு கோயில்கள், வழிநெடுகச் சொந்தக்காரர்கள்

போன பிப்ரவரியில் நானும் என் கணவரும் அவிநாசி, பவானி, கொடுமுடி, பழனி என்று நான்கு ஊர்களுக்கு மூன்று நாள் பயணம் போய் வந்தோம். கோயிலும் பார்க்க வேண்டும், அந்தந்த ஊரில் நன்றாக இருக்கும் என்று கேள்விப்பட்ட கடைகளில் சாப்பிடவும் வேண்டும் என்பது திட்டம். இதே வழியில் போக நினைப்பவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் கோபம்தான் முதலில் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காரணம். அதற்கு முந்தைய ஏப்ரலில் கணவருக்குக் காலில் புண் வந்து பதினோரு நாள் மருத்துவமனையில் இருந்தார். இருபது வருடச் சர்க்கரை. கட்டை விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார்கள். அந்தப் படுக்கையில்தான், விரல் தப்பினால் பழனி மலையை வெறுங்காலோடு படியேறி வருகிறேன் என்று வேண்டிக்கொண்டார். விரல் தப்பியது. உணர்ச்சி மட்டும் திரும்பவில்லை.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நான் முப்பத்தொரு வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள், உதாரணம் இல்லாமல் எனக்கு வராது. சூடான தோசைக்கல்லில் கை பட்டால் யோசிக்காமல் இழுத்துக்கொள்கிறோம். இவருடைய பாதம் இழுக்காது. கொப்புளம் வந்த பிறகு கண்ணால் பார்த்துத்தான் தெரியும். அதனால் மருத்துவர் கண்டிப்பாகச் சொன்னார்: படி ஏறலாம், ஆனால் கல்லில் வெயில் ஏறுவதற்குள் மேலே போய்க் கீழே வந்துவிட வேண்டும். தினமும் பாதத்தை ஒருவர் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். நோட்டை நானே கோடு போட்டுத் தயாரித்தேன். தேதி, இடது, வலது, பார்த்தவர். கடைசிப் பத்தியில் பத்து மாதமாக என் கையெழுத்து மட்டும்தான்.

ஏனென்றால் வேறு யாருக்கும் தெரியாது. மருத்துவமனையில் இருந்த அந்தப் பதினோரு நாளும் பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறோம் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிவிட்டார். "பத்துப் பேரு வந்தாங்கன்னா பத்துப் பேருக்கும் காலத் தூக்கிக் காட்டோணும் அம்மணி. நம்மளால ஆகாது" என்றார். நானும் ஒத்துக்கொண்டேன்.

பிறகு திட்டம் போட்டேன். செவ்வாய்க்கிழமை பழனியில் கூட்டம் என்பதால் அன்று கிளம்பி, வியாழன் காலை பழனி மலை ஏறும்படி வைத்தேன். நேரம், தூரம், ஏழு சாப்பாட்டுக் கடைகள், எல்லாம் ஒரே தாளில். புதன் இரவு தங்கப் பழனி அடிவாரத்தில் ஓர் அறைக்கு ஆயிரம் ரூபாய் முன்பணம் கட்டினேன். விடியும் முன்பே படியில் கால் வைத்துவிடலாம் அல்லவா? என் கணவருக்கு அந்தத் தாளைப் பார்த்துப் பெருமை தாங்கவில்லை. "என்ற ஊட்டுக்காரம்மா போட்ட ப்ளான்" என்று எழுதி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்.

அதில் நாற்பத்து மூன்று பேர் இருக்கிறார்கள். திட்டம் அங்கேயே முடிந்தது.

செவ்வாய் காலை 5.30க்குப் போத்தனூரிலிருந்து கிளம்பினோம். ஓட்டுநர் மூர்த்தி, நாற்பத்தைந்து வயது இருக்கும், நல்ல மனிதர். கிலோமீட்டருக்குப் பதினான்கு ரூபாய், தினப்படி ஐந்நூறு. 6.10க்குக் கணவரின் பெரியப்பா மகன் சோமனூரிலிருந்து கூப்பிட்டார். இவரைவிட ஏழு வயது மூத்தவர்.

"ஏனப்பா, காரு எங்க வருது?"

"கருமத்தம்பட்டி வந்துட்டமுங்கண்ணா."

"அப்ப அப்படியே திரும்பு. சந்தகை புழிஞ்சு வெச்சாச்சு."

"சரிங்கண்ணா."

இந்த "சரிங்கண்ணா"தான் என் வாழ்க்கையின் பெரிய பிரச்சினை. ஊருக்குள் நான்கு கிலோமீட்டர். அந்த வேளையிலேயே தெரு முழுக்கத் தறிச் சத்தம். இடியாப்பம் மாதிரிப் பிழிந்த சந்தகை, தேங்காய்ப்பால், அதில் போட வெல்லம். "எனக்கு வெல்லம் வேண்டாமுங்க" என்று சொல்ல இவருக்கு வாய் வராது. நான் சொன்னால், "டீச்சரு ஊட்டுக்காரர மெரட்டியே வெச்சிருக்காங்க" என்று சிரிக்கிறார்கள். உண்மையான காரணத்தைச் சொல்ல முடியாது. 7.45க்குக் கிளம்பினோம். மூர்த்தி என்னைவிட இரண்டு பிடி அதிகம் சாப்பிட்டிருந்தார்.

அவிநாசியில் தரிசனம் நன்றாக நடந்தது. வாரநாளில் கூட்டம் இல்லை, நாற்பது நிமிடம் போதும். வெளியே வந்தால், நான் குறித்து வைத்திருந்த மெஸ்ஸில் காலைப் பலகாரம் முடிந்துவிட்டது. அடுத்து பெருந்துறையில் என் கணவரின் மாமா மகள் வீடு. ஒப்புட்டு, அதாவது பருப்புப் போளி. நெய். "ஒண்ணே ஒண்ணு" என்று மூன்று. பவானிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றே கால், நடை சாத்தியிருந்தது. நான்கு மணி வரை படித்துறை நிழலில் உட்கார்ந்திருந்தோம்.

பள்ளியில் கணக்குக் கொடுப்போம்: ஒரு கார் மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போனால் நூறு கிலோமீட்டரை எப்போது கடக்கும்? பிள்ளைகள் அழகாக விடை எழுதுவார்கள். வழியில் இரண்டு சொந்தக்காரர் வீடு இருந்தால் என்று நான் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. தப்பான கணக்கையே முப்பத்தொரு வருடம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அன்று ஈரோட்டில் தங்கினோம், அறை 1,400 ரூபாய், சுத்தமாக இருந்தது. புதன்கிழமை காலை 7.30க்குக் கொடுமுடி. ஈரோட்டிலிருந்து 38 கிலோமீட்டர். அந்த ஊரில் எங்களுக்கு ஒரு சொந்தமும் இல்லை. கோயிலை நிதானமாகப் பார்த்துவிட்டு, என் பட்டியலில் இருந்த சின்னக் கடையில் இட்லியும் நிலக்கடலைச் சட்னியும் சாப்பிட்டோம். இரண்டு பேருக்கும் எண்பது ரூபாய். அந்த ஏழு கடைகளில் நான் உள்ளே போன ஒரே கடை அதுதான். நீங்கள் போனால் கெட்டிச் சட்னி கேளுங்கள்.

மத்தியானம் வெள்ளகோவிலில் இன்னொரு வீடு, அரிசிம்பருப்புச் சாதம், மறுபடியும் ஒப்புட்டு. கை கழுவும்போது இவர் மெதுவாகச் சொன்னார்.

"அம்மணி, பழனி ரூமை நான் வேண்டாம்னு சொல்லிப்போட்டேன்."

"என்னது?"

"சாந்தாமணி போன் பண்ணுச்சு. தாராபுரத்துல ஊடு இருக்கறப்ப பழனியில ரூம் போடறதான்னு அழுதுச்சு. சரின்னுட்டேன்."

முன்பணம் திரும்ப வராது. அது போகட்டும். தாராபுரத்திலிருந்து பழனி 35 கிலோமீட்டர். சாந்தாமணி, கணவரின் சித்தப்பா மகள், ஐம்பத்தெட்டு வயது. விருந்தாளியைக் காலைப் பலகாரம் இல்லாமல் வாசல் தாண்ட விட்டதாகச் சரித்திரமே கிடையாது. காரில் ஏறியதும் இவரைக் கைவிரலை நீட்டச் சொன்னேன். கொண்டுபோயிருந்த கருவியில் சர்க்கரை பார்த்தேன். 286. மூர்த்தி கண்ணாடியில் பார்த்துவிட்டு, "டீச்சருங்க, எனக்கும் ஒருக்கா பாத்துருங்க, ரெண்டு நாளாப் பயமா இருக்குது" என்றார். அவருக்கு 118. அந்த மனிதர் மேல்கூடக் கோபம் வந்தது.

மாலை 5.30க்குத் தாராபுரம். சாந்தாமணி வாசலிலேயே நின்றிருந்தாள். உள்ளே போனதும் மறுநாள் திட்டத்தைச் சொன்னாள்.

"காலையில எட்டு மணிக்குப் பணியாரம், கச்சாயம் எல்லாம் ஆயிரும் நங்கையா." எங்கள் பக்கம் அண்ணியை நங்கையா என்போம், கச்சாயம் என்றால் வெல்லம் போட்ட பலகாரம். "சாப்புட்டுப்போட்டு ஒம்போது மணிக்குக் கெளம்பினாப் போதும். விஞ்சு இருக்குதல்லோ, பத்து நிமிசத்துல மேல போயரலாம்."

"விஞ்சுல போகல சாந்தா. படியேறப் போறோம். நாலு மணிக்குக் கெளம்போணும்."

"நாலு மணிக்கா? வெறும் வயித்தோடயா? என்ற ஊட்டுல இருந்தா? நல்லாப் பேசறீங்க." அண்ணனைப் பார்த்தாள். "ஏனுங்கண்ணா, நீங்க சொல்லுங்."

அவர் வாயைத் திறந்தார். "சரி..." என்று வரப்போவது எனக்குத் தெரிந்துவிட்டது. ஒன்பது மணிக்குக் கிளம்பினால் படியில் ஏறும்போது மணி பத்தரை. அந்தக் கல்லில் இந்தக் காலை வைக்க விட முடியாது.

"சாந்தா, உங்க அண்ணன் கால் செத்துக் கெடக்குது. சூடு தெரியாது. போன ஏப்ரல்ல கட்டை வெரலை எடுக்கோணும்னு பதினோரு நாள் ஆஸ்பத்திரியில இருந்தோம். பெங்களூருக்கெல்லாம் போகல."

அவள் கையிலிருந்த கரண்டியை மேசையில் வைத்தாள். சமையலறைக்குள் போய்விட்டாள். அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது.

"பதினோரு நாளு. நாங்கெல்லாம் செத்தா போயிட்டம்?"

"அப்படியில்ல கண்ணு..."

"பேசாதீங்கண்ணா. என்ற ஊட்டுக்காரருக்குப் பல்லுப் புடுங்குனதுக்கே நாங்க உங்களுக்கு போன் பண்ணுனமா இல்லீங்களா? வெரல் போற சமாச்சாரத்த மறைச்சுப்போட்டு, ஊடு ஊடா ஒப்புட்டுத் தின்னுட்டு வாரீங்க!"

அந்தக் கடைசி வரி மட்டும் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பிறகு கீழே உட்கார்ந்து, "காலை நீட்டுங்" என்றாள். பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கட்டை விரலை அழுத்தி, "இது தெரியுதுங்களா?" என்றாள். இவர் இல்லை என்று தலையாட்டினார். அன்று இரவுச் சாப்பாடு ராகிக் களி, பச்சைப்பயிறு கடைசல். இனிப்பு கண்ணிலேயே படவில்லை.

வியாழக்கிழமை காலை நான்கு மணிக்கு நாங்கள் எழுந்து வந்தால், சாந்தாமணி புடவை கட்டித் தயாராக இருந்தாள். கையில் இரண்டு தேங்காய்ப்பூத் துண்டு, ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேன். "நானும் வாரேன்" என்றாள். கேட்கவில்லை, சொன்னாள். எதற்குத் துண்டு என்று நான் கேட்கவில்லை. கடுப்பில் இருந்தேன், என் திட்டத்தில் மூன்று பேருக்குத்தான் இடம்.

5.20க்குப் பழனி. கனமான சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன், வெறுங்கால் என்றுதான் வேண்டினேன் என்று மறுத்துவிட்டார். 5.45க்கு முதல் படி. மொத்தம் 693 படிகள். மண்டபத்துக்கு மண்டபம் உட்கார்ந்து, கடலைமிட்டாய்க்காரர்களைத் தாண்டி, 7.35க்கு மேலே ஏறிவிட்டார். கடைசிப் படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கல் இன்னும் குளிர்ச்சியாக இருந்தது. கணக்கு சரியாக வந்துவிட்டது என்று நினைத்தேன்.

தரிசனத்துக்கு நான் போட்டிருந்தது நாற்பது நிமிடம். அது அவிநாசிக் கணக்கு. இவர் கட்டண வரிசை வேண்டாம், எல்லோரோடும்தான் நிற்பேன் என்றார். வரிசை இரண்டரை மணி நேரம். பார்த்துவிட்டு வெளியே வரும்போது மணி பத்தேகால். கீழே விஞ்சில் இறங்குவதாக ஏற்பாடு, ஆனால் அதற்குப் போகும் வழியில் வெளிப் பிரகாரம் முழுக்க வெயில். கால் சுடாமல் நடக்கப் போட்டிருந்த விரிப்பில் கூட்டம் நெரிந்தது. நான் ஒரு அடி வைத்து, உடனே காலை இழுத்துக்கொண்டேன். இவர் எதுவும் தெரியாமல் நடக்க ஆரம்பித்தார்.

"நில்லுங்கண்ணா!" சாந்தாமணி கத்தினாள். ஒரு துண்டைக் கேனில் நனைத்து இவர் காலடியில் விரித்தாள். குனிந்து உள்ளங்கையைக் கல்லில் வைத்தாள். "இது ஆகாதுங்கண்ணா. அக்கட்டால நெழல் இருக்குது, அங்க வாங்க." அடுத்த துண்டை முன்னால் போட்டாள். இவர் அதில் ஏறியதும் முந்தைய துண்டை எடுத்து நனைத்து மறுபடி முன்னால். ஒவ்வொரு முறையும் முதலில் உள்ளங்கை, பிறகு துண்டு. நான் கேனைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். கூட்டத்தில் யாரோ, "என்ன வேண்டுதல் இது, புதுசா இருக்குதே?" என்றார்கள். "ஆமாங், அண்ணன் பொய் சொன்னதுக்கு" என்றாள் அவள், நிமிராமல்.

நிழலுக்கு வந்ததும் பாதத்தைப் பார்த்தோம். கொப்புளம் இல்லை. அவளுடைய உள்ளங்கைதான் சிவந்திருந்தது. பஞ்சாமிர்தத்தில் இவருக்கு விரல்நுனி அளவு கொடுத்தாள், அதற்கு மேல் கேட்டதற்கு முறைத்தாள். விஞ்சு வரிசையில் நின்றபோது குடும்பக் குழுவில் ஒரு நீளமான குரல்பதிவு போட்டாள். அதை நான் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை.

திட்டம் போடுபவர்களுக்கு நான் சொல்ல வேண்டியவை சில. நான்கு ஊர்களுக்கும் சேர்த்து 360 கிலோமீட்டர் வரும், எங்களுக்கு 391 ஆனது. வண்டிக்கு ஏறக்குறைய ஏழாயிரம். பவானிக்குப் பன்னிரண்டுக்குள் போய்விடுங்கள். பழனியில் இலவச வரிசைக்கு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். சர்க்கரை உள்ளவர்கள் என்ன வேண்டியிருந்தாலும் சாக்ஸ் போடுங்கள், இரண்டு துண்டும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சொந்தக்காரர் வீட்டுக்கும் ஒன்றரை மணி நேரம் கணக்கில் சேருங்கள். பயணத் திட்டத்தைக் குடும்பக் குழுவில் போடாதீர்கள். உடம்புக்கு முடியவில்லை என்றால் அதைப் போட்டுவிடுங்கள்.

சாந்தாமணியைத் தாராபுரம் பேருந்தில் ஏற்றிவிட்டு, உடுமலை, பொள்ளாச்சி வழியாக மாலை 3.30க்குப் போத்தனூர் வந்தோம். எங்கள் தெருவில் நான்கு கார்கள். சோமனூர் அண்ணன், பெருந்துறைக்காரர்கள், வெள்ளகோவிலிலிருந்து இருவர், எல்லோர் கையிலும் ஆப்பிள், ஹார்லிக்ஸ். பத்து மாதத்துக்கு முன் வந்து ஆறிய புண்ணைப் பார்க்க வந்திருந்தார்கள். "அம்மா, நான் போயிட்டு வாரேனுங்க" என்று மூர்த்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு வண்டியைத் திருப்பினார்.

"காலக் காட்டு" என்றார் சோமனூர் அண்ணன்.

இவர் காலைத் தூக்கி முக்காலியில் வைத்தார். ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள், விரலைத் தொட்டார்கள், திட்டினார்கள். நான் எல்லோருக்கும் சர்க்கரை போடாத காப்பி கலந்தேன். பிறகு நோட்டை எடுத்து அன்றைய தேதியை எழுதினேன். இடது, சரி. வலது, சரி. பார்த்தவர் பத்தியில் சாந்தாமணியில் ஆரம்பித்து எழுதிக்கொண்டே போனேன். கோட்டுக்குள் அடங்கவில்லை, அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டியிருந்தது.