கிண்ணத்தின் கீழ் ஒரு காலடி

என் புருஷன் நெபெஸ் தரையைப் பார்த்தபடிதான் நடப்பார். எதிரில் ஆள் வந்தாலும் முதலில் காலைப் பார்ப்பார், முகம் அப்புறம்தான். கராகும் பாலைவனத்தில் காட்டுப்பூனை பார்க்க நடந்து வரும் வெளியூர்க்காரர்களுக்கு அவர்தான் வழிகாட்டி. விரல் பிரிவு தெரியாமல் பஞ்சை ஒற்றியது போல் மங்கலாக இருந்தால் மணல்பூனை, அதற்கு உள்ளங்காலிலும் மயிர். நான்கு விரலும் தெளிவாக, சின்னதாக இருந்தால் புதர்ப்பூனை. அதைவிடப் பெரிதாக, ஆழமாக இருந்தால் காது நுனியில் கறுப்புக் குஞ்சம் வைத்த கராகுலாக். அவர் இதைச் சொல்லும்போது வந்தவர்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் மட்டும் ஒன்பது வருஷம் காது கொடுக்கவில்லை.

காரணம் இதல்மாஸ். எங்கள் ஊர் மேய்ப்பர் சங்கத்து மந்தைகளுக்கெல்லாம் தலைவர். முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காததால், 'நாய்கூட எடுக்காது' என்று பொருள் வரும் அந்தப் பேரை அவருக்கு வைத்தார்களாம். சாவு நம்பி ஏமாந்தது. கஷ்டம் எங்களுக்கு வந்தது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வசந்தத்தில், நெபெஸ் மேய்த்த சங்கத்து மந்தையில் மூன்று ஆட்டுக்குட்டிகள் காணாமல் போயின. மணல்மேட்டுச் சரிவில் அவர் ஒரு தடத்தைக் கண்டார். எங்கள் வழக்கப்படி, காற்று அழித்துவிடாமல் இருக்கத் தன் தேநீர்க் கிண்ணத்தை அதன்மேல் கவிழ்த்துவிட்டு ஆட்களைக் கூப்பிட்டார். இதல்மாஸ் வந்து கிண்ணத்தைக் காலால் தள்ளிவிட்டுப் பார்த்தார். விரல்களுக்கு முன்னால் நகம் குத்தியிருந்தது. பூனை நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடக்கும், நாய்க்குத்தான் நகம் பதியும் என்பது இங்கே பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். நெபெஸ் எடுத்துச் சொல்லிப் பார்த்தார். பாயும்போதும் சரிவில் ஏறும்போதும் பூனையும் நகத்தை ஊன்றும், குதிகால் பக்கம் மூன்று மேடு இருக்கிறது பாருங்கள், அது பூனைக்குத்தான் என்றார். இதல்மாஸ் இடுப்புத் துணியிலிருந்து ரொட்டியை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, இது மந்தை நாயின் தடம் என்று சத்தியம் செய்தார்.

"கராகுலாக் எல்லாம் எங்கப்பா காலத்தோட போச்சுடா. குட்டிய எங்க வித்தே, அத சொல்லு."

ரொட்டிமேல் செய்த சத்தியத்தை எதிர்த்து எங்கள் ஊரில் யாரும் பேசமாட்டார்கள். அன்றைக்கும் பேசவில்லை.

மந்தையைச் சங்கம் பிடுங்கிக்கொண்டது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். விருந்தில் நாங்கள் இரண்டு மூன்று பேராக ஒரே தட்டில் கை போட்டுத்தான் சாப்பிடுவோம். அதற்குப் பிறகு நெபெஸின் தட்டில் யாரும் கை வைக்கவில்லை. சொந்த அண்ணன் மகள் கல்யாணத்தில், மூன்று பேருக்கான சோற்றுக்கு முன்னால் அவர் ஒண்டியாக உட்கார்ந்திருந்ததைப் பெண்கள் பக்கத்துத் திரை இடுக்கில் பார்த்தேன். அன்றைக்கு நான் இதல்மாஸுக்குக் கொடுத்த சாபத்தையெல்லாம் எழுதினால் ஓர் ஆட்டுத்தோல் போதாது.

நெபெஸ் சாபம் கொடுக்கவில்லை. வெளியூர்க்காரர்களுடன் நடந்தார். நாலாம் வருஷம் அவர்களில் ஒருத்தி கராகுலாக்கைப் படமே எடுத்துவிட்டாள். அதைக் கொண்டுபோய்க் காட்டினால், எந்தப் பாலைவனத்துப் படமோ என்று சிரித்தார் இதல்மாஸ். வீட்டுக்கு வந்த நெபெஸ், அவர் வாயாலேயே சொல்ல வைக்கிறேன் என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அந்தக் கிண்ணத்தில் அவர் தேநீர் குடிக்கவில்லை. சுவரில் மாட்டி வைத்தார்.

இந்த வசந்தத்தில் இதல்மாஸின் மகன் ஹெம்ரா மேய்க்கும் மந்தையில் நான்கு குட்டிகள் போயின. வித்துவிட்டான் என்றது சங்கம். மந்தையைப் பிடுங்குவதாக இருந்த அன்று, விடிந்ததும் இதல்மாஸ் எங்கள் வாசலில் நின்றார். ஒன்பது வருஷம் 'டேய்' என்றவர், "தம்பி, நீ வந்து பாக்கணும்" என்றார்.

"என்னத்த பாக்கறது? நாயாத்தான் இருக்கும்" என்றேன் நான். நெபெஸ் சுவரிலிருந்து கிண்ணத்தை எடுத்தார். நானும் கூடவே கிளம்பினேன். இதைப் பார்க்காமல் வேறு எதைப் பார்க்க?

அதே மாதிரி ஒரு சரிவு, அதே மாதிரி ஒரு தடம். நகமும் குத்தியிருந்தது. நெபெஸ் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு, பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சங்கத்து ஆட்கள் ஐந்து பேரும் ஹெம்ராவும் சுற்றி நின்றார்கள். காற்று ஏறிக்கொண்டிருந்தது. என்ன தடம் என்று அவர்கள் கேட்டார்கள். நெபெஸ் கிண்ணத்தை எடுத்துவிட்டு இதல்மாஸைப் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்கண்ணே. நகம் தெரியுதா?"

"தெரியுது."

"அப்ப நாய்தானே?"

தடத்தின் ஓரத்தில் மணல் சரியத் தொடங்கியது. இதல்மாஸ் மகனைப் பார்த்தார், பிறகு மணலைப் பார்த்தார்.

"பாயும்போது பூனையும் நகத்த ஊனும். இது கராகுலாக்."

"ஒன்பது வருஷம் முன்னாடி பாத்தது?"

"அதுவும் அதுதான்."

"தெரிஞ்சு சொன்னீங்களா, தெரியாம சொன்னீங்களா?"

"சொன்ன அன்னிக்குத் தெரியாது தம்பி. மறுநாளே தெரியும். அந்தப் பூனைய நானே பாத்தேன். ரொட்டிய புடிச்சு சத்தியம் பண்ணிட்டேனே, எப்படி மாத்துவேன்?"

சங்கத்து ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதற்குள் தடம் மூடிப்போயிருந்தது. ஹெம்ராவிடம் மந்தை தங்கியது.

அன்று மத்தியானமே இதல்மாஸ் ஆடு வெட்டி ஊரைக் கூப்பிட்டார். எல்லோரும் பார்க்க நெபெஸின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு தட்டை இருவருக்கும் நடுவில் வைத்து, முதல் பிடியைத் தானே எடுத்தார். மன்னிப்பு என்றால் எங்கள் ஊரில் அதுதான். நான் திரை இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். கையை வைத்துவிடாதே, வைத்துவிடாதே என்று உள்ளுக்குள் கத்தினேன்.

நெபெஸ் தட்டை ஒரு விரலால் அவர் பக்கம் நகர்த்தினார்.

"நீங்க சாப்பிடுங்கண்ணே. தனியா சாப்பிட்டு எனக்குப் பழகிப்போச்சு. உங்களுக்குத்தான் புதுசு."

எழுந்து அடுத்த விரிப்புக்குப் போனார். அங்கே இருந்தவர்கள் அவசரமாக நகர்ந்து இடம் விட்டார்கள், அவர் முன்னால் வைத்த தட்டில் மூன்று கைகள் விழுந்தன. நாலாவதாக ஒரு கை வந்தது. அது ஹெம்ராவின் கை.