எண்ணெய் டப்பாவை அடைத்த சனிக்கிழமை

"நல்லா கதை விடுறான்" என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். எனக்குக் கதை விடத் தெரியாது. கோபப்படத்தான் தெரியும். வேகமாக ஓடும் கார்களின் என்ஜினைப் பிரித்துக் கோப்பதுதான் இருபத்திரண்டு வருடமாக என் பிழைப்பு. பேய், பிசாசு என்று எவனாவது ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இது ராத்திரியில் நடந்ததுகூட இல்லை. பட்டப்பகல். சனிக்கிழமை மதியம்.

மறுநாள் என் தங்கைக்கு ரேஸ். அவள் கார் ரேஸ் பாதையில் எண்ணெய் சிந்துகிறது என்று ஏற்கெனவே இரண்டு தடவை பாதியில் வெளியே அனுப்பியிருந்தார்கள். மூன்றாவது தடவையும் சிந்தினால் இந்த வருடம் முழுக்க ஓட்டக் கூடாது. வேலைக்கும் போய்க்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட ஓய்வெடுக்காமல் நாலு வருடமாகப் பழகியவள். "அண்ணா, இந்த வாட்டி பாத்துப்ப இல்ல?" என்று கேட்டாள். "போடி, ஒரு சொட்டு விழாது" என்றேன். வாய்தான் எனக்கு நீளமாயிற்றே.

விஷயம் இதுதான். என்ஜின் ஓடும்போது பிஸ்டன் ஓரமாகக் கொஞ்சம் புகை கீழே இறங்கும். அடியில் இருக்கிற எண்ணெயோடு கலந்து ஆவியாக நிற்கும். அது வெளியே போயே ஆக வேண்டும். அதற்கு ஒரு ஹோஸ் உண்டு. ஹோஸின் முனையில் ஒரு டப்பா. கேட்ச் கேன் என்போம். எண்ணெய் டப்பாவில் தங்கிவிடும், காற்று மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருக்கிற சின்னக் குழாய் வழியாகப் போய்விடும். தங்கை காரில் காற்றோடு எண்ணெயும் சேர்ந்து தெறித்தது. ஏன் என்று பார்க்க என்ஜினைப் பிரிக்க வேண்டும். அதற்கு நேரம் இல்லை. அதனால் எங்கள் தொழிலில் சிலர் கமுக்கமாகச் செய்கிற ஒன்றை நானும் செய்தேன். அந்தச் சின்னக் குழாயின் வாயில் ஒரு ரப்பர் மூடியை மாட்டி, கிளிப் போட்டு, ஸ்க்ரூவை முறுக்கினேன். பத்துச் சுற்றுதானே, தாங்கும் என்று நினைத்தேன்.

அப்போது மணி 2.10. போன வருடம்தான் என்னோடு சேர்ந்த கூட்டாளி சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தான். கடையில் நான் மட்டும்.

கை கழுவிவிட்டு 2.14-க்குத் திரும்பி வந்தேன். குழாயின் வாயில் ரப்பர் மூடி இல்லை. மேஜை மேல் இருந்தது. சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தது. பக்கத்தில் கிளிப்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கூட்டாளிக்கு ஃபோன் போட்டேன்.

"ஏன்டா, வெளையாடறியா? மூடிய எதுக்குக் கழட்டின?"

"நான் வீட்ல சோத்துல கை வச்சிட்டிருக்கேன். உனக்கு என்ன, மண்டைல வெயில் ஏறிடுச்சா?"

ஃபோனை வைத்தேன். எவனோ பின்னால் வந்து கைவரிசை காட்டியிருக்கிறான் என்று நினைத்து ஷட்டரைக் கீழே இழுத்து உள்பக்கம் பூட்டினேன். சாவியைப் பையில் போட்டேன். கழிவறை, மாடிப்படிக்கு அடியில், டயர் அடுக்குக்குப் பின்னால் எல்லாம் பார்த்தேன். ஒரு ஈ காக்கை இல்லை. மறுபடி மூடியை மாட்டினேன். இந்தத் தடவை இரண்டு கிளிப். 2.26.

மேஜைப் பக்கம் திரும்பி ஸ்பேனரைத் தேடினேன். அரை நிமிடம் இருக்குமா?

ஹ்ஹூ...

பெருமூச்சு மாதிரி. திரும்பினேன். மூடி மேஜையில் இருந்தது. நான் நின்ற மேஜையில்தான். என் முழங்கைக்குப் பக்கத்தில்.

இரண்டு கிளிப்பும் வரிசையாக வைத்திருந்தது.

டப்பாவைத் தொட்டேன். சுட்டது. என்ஜினை நான் அன்று ஸ்டார்ட்டே பண்ணவில்லை. பேட்டரி வயர்கூடக் கழற்றித்தான் கிடந்தது.

குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்தேன். வெதுவெதுப்பாகக் காற்று வந்தது. நின்றது. உள்ளே இழுத்தது. மறுபடி வந்தது...

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், நான் கத்தினேன்.

"எவனா இருந்தாலும் எனக்கென்ன? நாளைக்கு என் தங்கச்சிக்கு ரேஸ்! கைய எடு!"

2.31. மூன்றாவது தடவை மூடியை மாட்டினேன். இந்த முறை கண்ணை எடுக்கவில்லை.

டிக்.

ஸ்க்ரூ அசைந்தது.

டிக்... டிக்... இடது பக்கமாக, தானாக, நிதானமாகக் கழன்றது. அவசரமே இல்லாமல்.

ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தி வலது பக்கம் முறுக்கினேன். அது இடது பக்கம் திரும்பியது. நான் பல்லைக் கடித்தேன். அதுவும் விடவில்லை.

என் கை மேல் இன்னொரு கை.

கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் இருந்தது.

கொதிக்கிற சூடு...

எண்ணெயும் சதையும் கருகுகிற நாற்றம்.

ஓடினேன்.

எப்படி ஷட்டரைத் திறந்தேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. வலது புறங்கையில் நாலு கொப்புளம், விரல் விரலாக. அதற்குப் பிறகு அந்தக் குழாயை அடைக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. மறுநாள் அது திறந்தபடியே கார் ஓடியது. தங்கையிடம் ஒன்றும் சொல்லவில்லை.

நாலாவது சுற்றில் எண்ணெய் தெறித்தது. கொடி காட்டி அவளை வெளியே வரச் சொன்னார்கள். வண்டியை விட்டு இறங்கியவள் ஹெல்மெட்டைத் தரையில் அடித்தாள். "ஒரு சொட்டு விழாதுன்னு சொன்னியே! இனிமே என்கிட்ட பேசாதே!" என்று எல்லோர் முன்னாலும் கத்தினாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வண்டிகளைச் சோதிக்கிற அதிகாரி என்ஜினைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பிஸ்டன் ரிங் ஒடைஞ்சிருக்கு. காத்து போக வழி இருந்ததால தப்பிச்சுது. அடைச்சிருந்தா உள்ள அழுத்தம் ஏறி மொத்த எண்ணெயும் சூடான சைலன்சர் மேல பீய்ச்சித் தீப்பிடிச்சிருக்கும். ஒங்க தங்கச்சிக்குக் கதவத் திறக்கக்கூட நேரம் இருந்திருக்காது."

திங்கட்கிழமை காலையில் ரத்தம் கொதிக்கக் கொதிக்கப் பழைய இரும்புக் கடைக்குப் போனேன். அந்த என்ஜினைப் போன வருடம் அங்கேதான் வாங்கினேன். சட்டையைப் பிடித்துக் கேட்ட பிறகுதான் கடைக்காரர் ஒப்புக்கொண்டார். தீப்பிடித்த காரிலிருந்து எடுத்த என்ஜினாம். தேய்த்து, பெயின்ட் அடித்து என் தலையில் கட்டியிருக்கிறார். விற்றவர்களின் நம்பரைக் கொடுத்தார். என் கடைக்கு வந்து அங்கிருந்தே பேசினேன். ஒரு பெண் எடுத்தார். தெரிந்தும் எப்படி விற்றீர்கள் என்று எகிறினேன். அவர் அமைதியாகத்தான் பேசினார்.

"வித்தது என் மச்சினருங்க. எனக்கு அந்த வண்டிய பாக்கவே புடிக்கல. என் வீட்டுக்காரர் அதுலதான் போய்ச் சேந்தார். மூணு வருஷம் ஆச்சு. எண்ணெய் சிந்துதுன்னு ஒரு மெக்கானிக் அந்தக் காத்துப் போற குழாய அடைச்சுக் குடுத்தானாம். இவருக்கு மனசு கேக்கல. எடுத்து விடச் சொல்லலாம்னு அன்னிக்கே திரும்பப் போனார். அவன் ஷட்டரப் பாதி தூக்கி, 'கடை மூடியாச்சு, திங்கக்கெழம வாய்யா'ன்னு கத்திட்டு எறக்கிட்டானாம். எனக்கு ஃபோன்ல சொன்னார். அப்புறம் வீடு வந்து சேரல."

"எந்தக் கடை?" என்றேன்.

"தண்ணித் தொட்டிக்குப் பின்னால, பச்சை ஷட்டர் போட்ட கடைன்னார்."

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பச்சை ஷட்டர் போட்ட மெக்கானிக் கடை ஒன்றுதான் இருக்கிறது. அதற்குள் நின்றுதான் நான் பேசிக்கொண்டிருந்தேன்.

அந்த மனிதரின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். வரவில்லை. இன்றுவரை வரவில்லை. என் மேலேயே காறித் துப்பலாம் போல இருந்தது.

"அந்த ஆள் யாருன்னு ஒங்களுக்குத் தெரியுமா?" என்று அந்த அம்மா கேட்டார்.

தெரியாது என்று சொல்லி ஃபோனை வைத்தேன்.