சிவப்பு எழுத்துப் பலகை

புயலோடு கடல் உள்ளே வந்துபோன பிறகு, எங்கள் தீவுப் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறைச் சுவரில் பெரிய வெடிப்பு விழுந்துவிட்டது. திருத்த ஆள் வரும்வரை ஒருவரும் போகக்கூடாது என்று கயிறு கட்டி, "அபாயம். உள்ளே போகவேண்டாம்" என்று சிவப்பு மையால் பலகை எழுதித் தொங்கவிட்டேன். என் எழுத்து முத்துமுத்தாக இருக்கும் என்ற பெருமை வேறு எனக்கு.

அதே கிழமைதான் கல்வித் திணைக்களத்திலிருந்து அந்தக் கோதாரி விழுந்த படிவமும் வந்தது. முதலில் கொரோனா, பிறகு படகுக்கு டீசல் இல்லாத காலம், இப்போது புயல். இத்தனையிலும் வாசிக்கத் தெரியாமல் பின்தங்கிய பிள்ளைகள் யார் என்று கேட்டிருந்தார்கள். எழுதிக் கொடுத்தால் வாசிப்புச் சொல்லிக்கொடுக்கத் தனியாக ஓர் ஆசிரியை வருவார்.

என் நாலாம் வகுப்பில் ஒருத்தி இருந்தாள். எழுத்துக்கூட்டவே தெரியாது. படத்தைப் பார்த்து, கேட்ட கதையைப் பாடமாக ஒப்புவித்துச் சமாளித்துவிடுவாள், கெட்டிக்காரி.

அதிபர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "ரீச்சர், இருக்கிறதே இருபது பிள்ளையள். வாசிக்கவும் தெரியாதெண்டு எழுதினா, அதையே சாட்டா வைச்சுப் பள்ளிக்கூடத்தைப் பூட்டிப்போடுவாங்கள். பிறகு இதுகள் கடல் கடந்துபோய்ப் படிக்க ஏலுமோ?"

"ஏலாது சேர்," என்றேன். எல்லோரும் வாசிப்பார்கள் என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தேன்.

பள்ளிக்கூடம் தப்பியது. அடுத்த மாதம் குறிகட்டுவான் இறங்குதுறையில், வாசிப்பு அட்டைகளோடு அந்த ஆசிரியை நின்றார்.

"உங்கட பிள்ளையள் எல்லாம் நல்லா வாசிக்கினமாம். சந்தோசம்," என்று சிரித்துவிட்டு மற்றத் தீவுப் படகில் ஏறினார். நான் எங்கள் படகில் ஏறினேன்.

இரண்டு நாள் கழித்து, இடைவேளையில் வெளியே வந்து பார்த்தால், என் வகுப்புக்காரி கயிற்றுக்குக் கீழால் நுழைந்து அந்தச் சுவரடியில் பந்து தேடுகிறாள். அந்தப் பக்கம் போகவேண்டாம் என்று நான் பிள்ளைகளுக்கு வாயால் சொன்ன அன்று அவள் காய்ச்சலில் வரவில்லை. ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். முதுகில் ஒன்று போட்டும்விட்டேன், பாவி நான்.

"கண் தெரியாதோ உனக்கு? பலகையில எழுதிக் கிடக்கெல்லோ!"

அவள் முதுகைத் தடவிக்கொண்டு பலகையை அண்ணாந்து பார்த்தாள்.

"வடிவான எழுத்து ரீச்சர்," என்றாள். "அதில என்ன எழுதிக் கிடக்கு?"