கொலைகாரத் துறவியும் எங்கள் வீட்டுப் புளியும்

2024 மார்ச் 10, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டு மணிக்கு, காரிமங்கலத்தை அடுத்த எங்கள் வீட்டு வாசலில் இது தொடங்கியது. மறுநாள் விடிந்ததும் மண்டியிலிருந்து வண்டி வரும். கொட்டை எடுத்த புளியை மட்டுமே ஏற்றிக்கொள்வார்கள். கொட்டை எடுக்காத புளியோ அம்மாவின் இடுப்பு உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. உதவிக்குச் சித்தியும் எதிர்வீட்டு அத்தையும் வந்திருந்தார்கள். அத்தை கத்தோலிக்கர். புளியைக் கல்லில் வைத்துச் சுத்தியலால் தட்டும் வேகத்தில் அவர் ஒருவரே மற்ற மூவருக்கும் சமம். அவர் எழுந்து போனால் வேலை முடியாது.

கைகள் ஓடுவதற்குக் கதை வேண்டும் என்றார்கள். நான் ஆங்கில இலக்கியம் படிப்பவள். நாலு பேர் நடுவில் பேசும் இயல்பு எனக்கில்லை. ஆயினும் அந்த வாரம் வாசித்து முடித்திருந்த பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், டியூடர் அரசர்கள் காலத்தில் நடக்கும் ஒரு துப்பறியும் நாவலை வரிசை பிசகாமல் சொல்லத் தொடங்கினேன். ஆறு மணம் புரிந்த அரசரின் ஆட்சி. துறவு மடங்களை இடித்துக்கொண்டிருக்கிறார். ஒரு கம்பளி வியாபாரி விருந்தில் நஞ்சுண்டு இறக்கிறார். வீட்டில் இருப்பவர்கள் மனைவி, மைத்துனன், சமையல்காரன், மடம் இழந்து அங்கே அடைக்கலம் புகுந்த துறவி.

“ஆறு கல்யாணமா? பொண்ணு குடுத்தவங்க சும்மாவா இருந்தாங்க?” என்றார் சித்தி.

“ரெண்டு பேரு தலைய வெட்டிட்டாருங்க, சித்தி.”

“அதுக்கப்புறமும் ஒருத்தன் பொண்ணு குடுத்தான் பாரு, அவன மொதல்ல தட்டணும்” என்று ஒரு புளியைத் தட்டினார்.

அத்தை தீர்ப்பே சொல்லிவிட்டார். “மடத்தயே இடிச்சானா? அப்ப வேற ஆளத் தேட வேணாம் கண்ணு. கொன்னது ராஜாதான்.”

“ராஜா அந்த ஊர்லயே இல்லீங்க, அத்த.”

“ஆள வுட்டு செஞ்சிருப்பான்.”

நாவலில் கொலையாளி துறவி. படித்த அன்றே சொல்லியிருந்ததால் அம்மாவுக்கு மட்டும் முடிவு தெரியும். ஆகவே மனைவியின் உடையை விரிவாக வருணித்தேன். மைத்துனனின் குதிரையை அதைவிட விரிவாக. குவியல் பாதியானபோது சித்தி பொறுமை இழந்தார். “குதிரை இருக்கட்டும். யாரு கொன்னது?”

“சமையக்காரன்னு சொல்லித் தொலைடி” என்று அம்மா என் காதில் முணுமுணுத்தார். ஆசிரியர் எழுதாததை எழுதியதாகச் சொல்ல என்னால் இயலவில்லை.

“சாமியாருதாங்க, அத்த.”

சுத்தியல் நின்றது. அத்தை எழுந்து சேலையை உதறினார். “தவக்காலத்துல என்னக் கூப்புட்டு ஒக்கார வெச்சு, சாமியாரக் கொலகாரன்னு சொல்றியா?” விறுவிறுவென்று நடந்தவர், தெருவில் கால் வைக்குமுன் திரும்பினார். “பாவசங்கீர்த்தனமாவது பண்ணாரா?”

“இல்லீங்க. தூக்குல போட்டுட்டாங்க.”

“பாவத்தச் சொல்லாமயேவா? என்ன புஸ்தகம்டி அது!” திரும்பி வந்து உட்கார்ந்தார். “இப்ப பண்ணட்டும். நீ சாமியாரா இருந்து சொல்லு.”

வகுப்பில் கேள்விக்கே எழுந்து நிற்கத் தயங்கும் நான், முழங்காலிட்டு, கம்பளி வியாபாரியைக் கொன்றதை ஒப்புக்கொண்டேன். உடனே பரிகாரம் பற்றிய வழக்கு மூண்டது.

“தெனம் ஒரு ஜெபமால, சாவற வரைக்கும்” என்றார் அத்தை.

“ஒரு உசுருக்கு அவ்வளவுதானா? வருசம் பூரா உப்பில்லாத கூழு!” இது சித்தி.

“வயசான சாமியாருக்கு உப்பில்லாம எப்புடிடி எறங்கும்?”

ஒவ்வொரு வாதத்துக்கும் சுத்தியல் பலமாக விழுந்தது. புளி மளமளவென்று குறைந்தது. கடைசியில் அம்மா சொன்னார்: “மிச்சமிருக்கறத சாமியாரே தட்டட்டும்.” மூவரும் ஒருமனதாக ஏற்றார்கள். துறவி நான்தான் என்பதால் சுத்தியல் என் கைக்கு வந்தது. இருட்டுமுன் குவியல் தீர்ந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னொரு மரத்துப் புளி இருந்தது. ஆகவே மறுநாள் காலை, வண்டியை அனுப்பிவிட்டு, தர்மபுரியில் கல்லூரி நூலகத்துக்குச் சென்று, அதே காலத்து நாவல்களை எடுத்து, நின்றபடியே கடைசி அத்தியாயங்களை மட்டும் படித்தேன். முதலாவதில் கொலையாளி ஒரு பேராயர், திருப்பி வைத்தேன். இரண்டாவதில் கன்னியாஸ்திரீ, அதையும் வைத்தேன். மூன்றாவதில் அரசரின் தையல்காரர். அதை எடுத்துவந்தேன்.