பானையை எடுத்த இடத்தில் வைத்த கச்சை

நிக்கனோர் யோந்தோப்பைப் போலப் பயந்து சாகிற தகப்பனை எங்கள் ஊர் பார்த்ததில்லை. மகள் செபெரினா இருமினால் பயம், கிணற்றடியில் ஐந்து நிமிஷம் கூடுதலாக நின்றால் பயம். இருபது வயதுப் பெண்ணைக் கொய்யா மரத்தில் ஏறாதே என்று ஊர் கேட்கக் கத்துவான்.

"ஒத்தப் புள்ளைய வெச்சிக்கிட்டு இந்தாளு படுத்துற பாடு, யப்பா!" என்று சிரிப்பார்கள். சிரித்தவர்களுக்கு என்ன தெரியும்? விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவன் மனைவி ரோசென்தா. அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இளவயதில் அவன் தொழில் மேடு தோண்டுவது. இந்த மணல்மேடுகளில் ஆயிரம் வருஷத்துக்கு முந்தின பழைய ஆட்கள் பானைகளோடு படுத்துக்கிடக்கிறார்கள். கரும்புத் தோட்ட முதலாளி அந்தப் பானைகளை வாங்கிக் கண்ணாடி அலமாரியில் அடுக்கிவைத்தார். பாதி ஊர் அதில்தான் சாப்பிட்டது, இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஆனால் தோண்டுகிறவனுக்கு ஒரு முறை உண்டு. எடுத்த இடத்தில் எதையாவது வைத்துவிட்டு வரவேண்டும்: கொஞ்சம் கரும்புச் சாராயம், புகையிலை, மெல்லுகிற கொக்கா இலை. வெறுங்கையோடு வந்தால் பழைய ஆள் உன் வீட்டிலிருந்து தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்வான்.

நிக்கனோர் ஒருமுறைகூட வைக்கத் தவறியதில்லை. அப்படியும் மூன்று பிள்ளைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டிலிலேயே போய்விட்டன. நாலாவதாக செபெரினா பிறந்து பதினைந்தாம் நாள், மனித முகம் செய்த பானை ஒன்று கிடைத்தது. அதைத் தூக்கும்போது அவனுக்குச் சாராயமெல்லாம் இனிப் போதாது என்று தோன்றிவிட்டது. வீட்டுக்கு ஓடிவந்து, பிள்ளையைச் சுற்றிவைக்கும் கச்சையை உருவிக்கொண்டு போனான். ரோசென்தா அதில் மகள் பெயரை எழுத்தெழுத்தாக நெய்திருந்தாள். எலும்புக்கூட்டின் நெஞ்சில் அதை வைத்து, "இத வெச்சிக்கய்யா, இவள எங்கிட்ட விட்டுடு" என்று அழுதுவிட்டு மண்ணைத் தள்ளினான். பிள்ளை பிழைத்துக்கொண்டது. அத்தோடு அவன் தோண்டுவதையும் விட்டான்.

இருபது வருஷம் கழித்துத் தலைநகரிலிருந்து டாக்டரம்மா வந்தாள். மருந்து கொடுக்கிற டாக்டர் இல்லை, பழைய சாமான் தேடி மண்ணைத் தூரிகையால் துடைக்கிற டாக்டர். இடம் காட்ட ஆள் வேண்டும் என்றாள். ஊரே நிக்கனோரைக் கைகாட்டியது. அவன் ஒரே ஒரு காரணத்துக்காகச் சம்மதித்தான்: கச்சை புதைந்திருக்கிற வடக்கு மூலைக்கு அவளைப் போகவிடக் கூடாது. அது வெளியே வந்தால் பழைய ஆளோடு பேசின பேச்சு முறிந்துபோகும், பேச்சு முறிந்தால் மகள் போய்விடுவாள். செபெரினாவும் தன் கண்ணெதிரிலேயே இருக்கட்டும் என்று பானை ஓடுகளைக் கழுவுகிற வேலைக்குக் கூட்டிவந்தான்.

"வடக்க வெறும் கல்லுதாம்மா" என்று இரண்டு மாதம் சமாளித்தான். ஆனால் இரும்புக் கம்பியை இறக்கிப் பார்த்து, மண் பொலபொலவென்று வழிவிட்டால் அடியில் குழி என்று டாக்டரம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்ததும் இவனேதான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா மனுஷன்? ஒரு மத்தியானம் இவன் சீமைக்கருவேல நிழலில் கருவாடும் வறுத்த சோளமும் தின்றுகொண்டிருந்தபோது, அவள் வடக்கு மூலையில் கம்பியை இறக்கிவிட்டாள்.

"நிக்கனோர், இங்க மண்ணு லூசா இருக்கே!"

"அதுல விஷக்காத்து இருக்கும்மா. ஆளையே அடிச்சிடும்."

"ஈரத்துணி கட்டிக்கலாம்."

நிக்கனோர் தானே இறங்குகிறேன் என்று அடம்பிடித்து இறங்கி, இரண்டு முழம் தோண்டிவிட்டு, "அவ்வளவுதாம்மா, தரை வந்திடுச்சு" என்றான். அவள் நம்பவில்லை. கூட வேலை செய்த பௌலினோவை இறக்கினாள். அரைமணி நேரத்தில் எலும்புக்கூடு தெரிந்தது. அதன் நெஞ்சில் சிவப்பும் நீலமுமாகக் கச்சை, நேற்று நெய்தது போல.

"தொடாதீங்க!" என்று நிக்கனோர் அலறினான்.

அதற்குள் டாக்டரம்மா அதைக் கையில் எடுத்துவிட்டாள். "எழுத்து இருக்கே... செ-பெ-ரி-னா." அவள் நிமிர்ந்து பார்த்தாள். கழுவுகிற தொட்டியருகே செபெரினா ஈரக்கையோடு எழுந்து நின்றாள்.

இனி எதை மறைக்க? பானை எடுத்ததற்கு ஜெயிலோ என்னவோ நடக்கட்டும் என்று எல்லாவற்றையும் கொட்டினான். மண்டியிட்டு, "திருப்பி வெச்சிடுங்கம்மா, உங்க கால்ல விழறேன்" என்று அழுதான்.

பௌலினோ தலையில் கைவைத்துக்கொண்டான். "அட மடையா! சாராயம் வெப்பாங்க, புகையிலை வெப்பாங்க. பேர எவனாவது வெப்பானா? நீ பொண்ணக் காப்பாத்தல. எழுதிக் குடுத்துட்டு வந்திருக்க!"

இருபது வருஷமாக நிக்கனோர் காவல் என்று நினைத்திருந்தது சீட்டெழுதிக் கொடுத்ததா? அப்படியானால் வெளியே எடுத்ததுதான் நல்லதா? இல்லை, ஆள் கோபித்துக்கொள்வானா? "வெச்சிடுங்க... வேணாம், வேணாம், வெக்காதீங்க" என்று உளறினான்.

செபெரினா வந்து கச்சையை வாங்கிக்கொண்டாள். அவள் உதடு வெளுத்திருந்தது. "இதுக்காகவாப்பா மரத்துல ஏற விடல? பஸ் மெக்கானிக் என்னப் பொண்ணு கேட்டு வந்தப்ப தூரம்னு வெரட்டின, அதுவும் இதுக்காகவா?" கோபமாகத்தான் ஆரம்பித்தாள். அவன் நடுங்குவதைப் பார்த்ததும் குரல் உடைந்துவிட்டது. "எம் பேரு, நானே வெச்சிக்கறேன். வர்றது வரட்டும்."

எலும்புகள் பெட்டியில் ஏறித் தலைநகர் போயின. டாக்டரம்மா போலீசிடம் போகவில்லை. அடுத்த வருஷம் செபெரினா அந்த மெக்கானிக்கையே கட்டிக்கொண்டு துறைமுகத்துக்குப் போனாள். நிக்கனோர் திங்கட்கிழமைதோறும் பஸ் நிற்கும் இடத்தில் வேர்த்துப்போய் நிற்பான். "நல்லா இருக்காளா? கண்ணால பாத்தியா?" என்று டிரைவரைப் பிடுங்கி எடுப்பான். பேரப்பிள்ளைகள் மூன்று பிறந்தன. மூன்றுக்கும் சேர்த்துப் பயந்தான். பத்தொன்பது வருஷம் இப்படியே போயிற்று.

கடைசியில் படுத்த படுக்கையானபோது செபெரினா வந்து மீன் கஞ்சி ஊட்டினாள். அவன் முகத்தில் சிரிப்பைப் பார்த்துத் திகைத்துப்போனாள்.

"என்னப்பா சிரிக்கிற?"

"நாந்தான முன்னால போறேன்" என்றான் நிக்கனோர். "அந்தாளத் தலைநகர்ல எந்த அலமாரியில வெச்சிருக்காங்கன்னு விசாரிச்சு, நானே பேசிக்கிறேன். நீ மெதுவா வா தாயி."