ஜெயரூபினி கேட்காத கேள்வி

ஜெயரூபினிக்குக் கவிதை எழுத மேசை, கதிரை ஒன்றும் தேவையில்லை. முல்லைத்தீவுக் கரையில் கருவாடு காயப்போட்ட பந்தலடியில் நின்று, ஒரு கையால் காகத்துக்குத் தடியை ஆட்டிக்கொண்டே மற்றக் கையால் போனில் எழுதிவிடுவாள். அச்சில் வரவேண்டும் என்ற ஆசையெல்லாம் கிடையாது. அவளுடைய கவிதைக்கு உலகத்தில் ஒரேயொரு வாசகன்தான். கத்தாரில் கட்டட வேலை செய்யும் அவளுடைய புருசன் றொமேஸ். நாலு வருசமாக அவன் அங்கே, இவள் இங்கே.

அந்தக் கவிதைகள் கோயில் பாதரின் கண்ணில் பட்டால் அடுத்த ஞாயிறு அதுதான் பிரசங்கம். ஒன்று இப்படிப் போகிறது:

முழங்காலளவு களப்பில் நிற்கிறேன்,
தண்ணீரில் இன்னும் பகலின் சூடு.
மீன்குஞ்சுகள் காலைக் கொறிக்கின்றன.
உன் மீசை குத்திய இடமெல்லாம்
இவற்றுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

பார்த்தீர்களா கூத்தை! கோயிலில் முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டு, தலை நிமிராமல் நிற்கிற பிள்ளைதான் இது. வெட்கங்கெட்டவள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கட்டினவனைத் தொட்டு நாலு வருசம். களப்பும் சோளகக் காற்றும் நிலவும் இல்லாவிட்டால் அந்த ஏக்கத்தை அவள் எங்கே கொண்டுபோய் வைப்பாள்?

ஒரு வெள்ளிக்கிழமை, அவனுக்கு லீவு நாள், றொமேஸ் கோல் எடுத்தான்.

"ரூபி, கொம்பனியில இன்னும் ரெண்டு வருசம் நிக்கச் சொல்லுறாங்கள். ஞாயிற்றுக்கிழமை சைன் வைக்கவேணும். என்ன செய்யட்டும்?"

அவளுக்கு வாருங்கோ என்று கத்தவேண்டும்போல இருந்தது. வாயில் வந்ததோ வேறு.

"உங்கட விருப்பம்."

அடி பாவி! மீசைக்கும் மீன்குஞ்சுக்கும் சொல் கிடைத்தவளுக்கு, "எப்ப வாறியள்?" என்று கேட்க நா எழவில்லை.

காரணம் இருந்தது. அவள் பிறந்த வீட்டில், கடலுக்கு வெளிக்கிடுகிறவனைப் பார்த்து எப்போது வருவாய் என்று கேட்கமாட்டார்கள். கேட்டால் கடல் அவனை வைத்துக்கொள்ளும் என்பார்கள். அவளுடைய தாய் ஒருநாள் வாய்தவறிக் கேட்டுவிட்டா. தகப்பன் திரும்பவில்லை; வள்ளம் மட்டும் கரையொதுங்கியது. "நான்தான் கேட்டுக் கொன்றுபோட்டன்" என்று சாகும்வரை நெஞ்சில் அடித்துக்கொண்டா அந்த மனுசி. அதைப் பார்த்து வளர்ந்தவள், றொமேஸ் போன அன்று விமான நிலையத்தில்கூட அழுதாளே தவிரக் கேட்கவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் றொமேசின் தங்கச்சி டிலுசா பந்தலடிக்கு வந்தாள்.

"மச்சாள், அண்ணா எனக்கு எடுத்தவர். நாளைக்குச் சைன் வைக்கப்போறாராம். 'அவளுக்கு நான் கவிதைக்குள்ள இருந்தால் காணும், வீட்டை வரத் தேவையில்லைப் போல' எண்டு சொல்லிப்போட்டுப் போனை வைச்சிட்டார். அழுதவரோ தெரியாது."

ஜெயரூபினியின் கையிலிருந்த தடி விழுந்தது. காகம் வந்து ஒரு கருவாட்டைத் தூக்கிக்கொண்டு போனது. அவள் அதைத் துரத்தவில்லை.

போனோடு கடற்கரைப் பக்கம் நடந்தாள். முதலில் கவிதையாக எழுதத்தான் பார்த்தாள். கொக்குகள் திரும்புகின்றன என்று எழுதினாள், அழித்தாள். மாரி மழையைக் காணாத குளம் என்று எழுதினாள், அதையும் அழித்தாள். எவ்வளவு வடிவாக எழுதினாளோ அவ்வளவுக்குக் கேள்வி உள்ளே ஒளிந்துகொண்டது. கடைசியில் நம்பரை அமத்தினாள்.

"இஞ்சேருங்கோ..."

"சொல்லு."

"எனக்குப் பயமாக் கிடக்கு. நான் கேட்டால் உங்களுக்கு ஏதும் நடந்திடும். அம்மா கேட்டுத்தானே அப்பா..." அதற்குமேல் அழுகைதான் வந்தது.

அவனும் கடற்கரையில் பிறந்தவன், விளங்கப்படுத்தத் தேவையில்லை.

"விசரி," என்றான். "அது கடலுக்குப் போறவனுக்கடி. நான் நிக்கிற இடத்தில சுத்திவர மணல்தான். பயப்பிடாமல் கேள்."

ஜெயரூபினி திரும்பி நின்றாள், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. சேலைத் தலைப்பால் போனையும் வாயையும் சேர்த்து மூடினாள்.

"எப்ப வாறியள்?"

"நத்தார்த் திருநாளுக்கு முன்னம் வாறன். சைன் வைக்கமாட்டன்," என்றான் றொமேஸ். "இன்னொருக்கால் கேள்."