யார் கண்டுபிடித்தது?

மயிலாடுதுறையில் நாங்கள் படித்த கம்ப்யூட்டர் சென்டரில் இரண்டு பேருக்கு ஒரு கணினிதான். பெரியப்பா மகளும் நானும் குத்தாலத்திலிருந்து பஸ்ஸில் போய், ஒரே திரையின் முன் தோள் இடிக்க உட்காருவோம். அக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவள். தட்டச்சு செய்வது நான், யோசிப்பது அவள். இதை இன்று எழுதிவிட முடிகிறது. சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லவில்லை.

பயிற்சியின் முடிவில் ஒரு வலைப்பக்கம் செய்யச் சொன்னார்கள். பத்து மாணவிகளின் பட்டியல். ஜாவாஸ்கிரிப்டில் நாங்கள் எழுதும் நிரல் ஒவ்வொரு பெயராக எடுத்து, பாஸ் என்றால் பச்சையிலும் ஃபெயில் என்றால் சிவப்பிலும் காட்ட வேண்டும். எங்கள் பக்கத்தில் பத்துப் பேரும் பச்சையில் வந்தார்கள். பரீட்சைக்கே வராதவளும் பாஸ். இரண்டு நாள் மாற்றி மாற்றி எழுதியும் அதே கதைதான். சென்னையிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் வந்து எல்லோருடைய பக்கங்களையும் பார்த்து, ஒரே ஒருவரை வேலைக்கு எடுப்பதாக இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அக்கா அந்த நிரலின் வரிகளை ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கணினி செய்வதைப் போலவே முதல் பெயர், இரண்டாம் பெயர் என்று ஒவ்வொரு சுற்றாகப் போட்டுப் பார்த்தாள். குத்தாலம் வருவதற்குள் என் தொடையில் தட்டினாள்.

"இந்த இஃப் வரியப் பாரு. ரெண்டு சமக்குறி போட்டாத்தான் கேள்வி, ஒண்ணுதான் போட்டிருக்கோம். பாஸான்னு நாம கேக்கவே இல்லடி. ஒவ்வொரு சுத்துலயும் பாஸ்னு நாமளே எழுதிட்டுப் போறோம்."

மறுநாள் இன்னொரு குறியைச் சேர்த்ததும் மூன்று பெயர்கள் சிவந்தன. கைகொட்டிச் சிரித்தோம். என்ன தப்பு என்று கேட்ட பயிற்சியாளருக்கு அக்காதான் விளக்கினாள்.

கம்பெனிக்காரர் வந்த அன்றுதான் அக்காவைப் பெண் பார்க்கவும் வந்தார்கள். ஆற்றில் தண்ணீர் வராமல் இரண்டு வருஷமாகக் குறுவை போடாதிருந்த பெரியப்பாவுக்கு, சிங்கப்பூர் மாப்பிள்ளையைத் தள்ளிப்போட மனமில்லை. என்னை அனுப்ப அக்கா தலை நிறையப் பூவோடு வாசல் வரை வந்தாள். "நீ போய்க் காட்டு. ரெண்டு பேரும் செஞ்சோம்னு சொல்லிடு" என்றாள்.

கம்பெனிக்காரரிடம் அந்தப் பிழையை விளக்கினேன், அக்காவின் சொற்களிலேயே.

"நல்லா இருக்கே. யார் கண்டுபிடிச்சது?"

"நான்தான் சார்."

பக்கத்தில் நின்ற எங்கள் பயிற்சியாளர் என்னைப் பார்த்தார்.

நான் சென்னைக்குப் போனேன், பிறகு அமெரிக்காவுக்கு. அக்காவின் கணவர் கல்யாணம் முடிந்த கையோடு சிங்கப்பூர் திரும்பினார். அவள் பக்கத்துக் கிராமத்தில் மாமியாரோடும் மாடுகளோடும் தங்கிவிட்டாள். ஊருக்குப் போகும்போதெல்லாம் பார்ப்பேன். வற்புறுத்திச் சாப்பிட வைப்பாள். என் வேலையைப் பற்றி மட்டும் ஒரு நாளும் விசாரித்ததில்லை.

போன வருஷம் போனில் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"தெரியும்டி. சர்டிபிகேட் வாங்கப் போனப்பவே சார் சொல்லிட்டாரு."

"ஏன்க்கா ஒரு வார்த்த கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன். ரெண்டு மூணு வருஷம் பாத்தேன். அப்புறம் மறந்துட்டேன்."

மறந்தவளின் குரலாக அது இல்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று சொல்லி, போனை வைத்துவிட்டாள்.